இடுப்பை விட்டு இறங்கிய பை

காஞ்சிபுரம் காந்தி சாலைக்குக் கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பங்களின் பட்டியலில் இப்போது ஒரு சின்னப் பையும் சேர்ந்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் பட்டுத் துணியில் தைத்து, சரிகைக் கரை வைத்து, இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும் பை. கயிற்று நுனியில் மணியோ குஞ்சமோ ஆடும். 'பொட்லி' என்று பெயர். மணப்பெண்ணின் கைக்கு ஒன்று எடுப்பார்கள். தாம்பூலத்துக்குப் பதிலாகக் கொடுக்க நூற்றுக்கணக்கில் சொல்லி வைப்பதும் உண்டு.

அதே தெருவில் நடைபாதையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயாவின் இடுப்பிலும் அதே பைதான் செருகியிருக்கிறது. அதற்குப் பெயர் சுருக்குப் பை. அதை எங்கே வாங்கியது, என்ன விலை என்று அந்த ஆயாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டுக்கும் தையல் ஒன்று, வேலையும் ஒன்று. பெயரும், பை தொங்கும் இடமும்தான் வேறு. இடுப்பில் இருந்தவரை கிழவி சமாச்சாரம். கைக்கு வந்ததும் ஃபேஷன். இந்த ஏற்ற இறக்கம் காஞ்சிபுரத்தோடு நிற்கவில்லை. உலகம் முழுக்க இடுப்புப் பைக்கு இதே கதைதான் நடந்திருக்கிறது.

மடியே பை

சேலைக்கும் வேட்டிக்கும் பாக்கெட் கிடையாது. அதனால் உடுப்பையே பையாக்கிக்கொண்டார்கள். வேட்டியைச் சுற்றிச் செருகும்போது இடுப்பில் விழும் மடிப்பு ஆணுக்குப் பை. கொசுவத்துக்குப் பக்கத்து மடிப்பும் முந்தி நுனியும் பெண்ணுக்குப் பை. 'மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்' என்ற பழமொழி பிறந்தது இந்த ஏற்பாட்டில்தான். பொற்கிழி, பணமுடிப்பு என்று பரிசுப் பணத்தைச் சொல்லும் சொற்களும் துணியில் முடிந்த காசைத்தான் காட்டுகின்றன. இன்று மேடையில் தலைவருக்குக் கொடுப்பது காசோலை என்றாலும் அழைப்பிதழில் 'பணமுடிப்பு' என்றே அச்சாகிறது.

காஞ்சிபுரத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊர்ச் சேலையில் சரிகை கனமாக விழும் இடம் முந்தி. நெசவாளியின் கைத்திறன் முழுக்க அங்கேதான் தெரியும். அந்த முந்தியில் யாரும் நாலணாவை முடிந்து வைத்ததில்லை. காசு முடிந்தது நூல் சேலையின் முந்தியில்தான். பட்டை நெய்த வீட்டுப் பெண்கள் தினமும் கட்டியது அந்த நூல் சேலையைத்தான்.

முந்தி முடிச்சுக்கு இரண்டு குறை. துவைக்கப் போட்டால் காசு போய்விடும். அவிழ்ந்தால் வழியில் விழுந்துவிடும். இரண்டுக்கும் தீர்வாக வந்தது சுருக்குப் பை.

ஒரு சுருக்குப் பையைத் திறந்தால்

அதைத் தைக்கக் கடைத் துணி தேவையில்லை. ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டு போதும். அழுக்கு தெரியக் கூடாது என்பதால் அரக்கு, கருநீலம், கரும்பச்சை என்று அடர்ந்த நிறமாகப் பார்த்து எடுப்பார்கள். உள்ளே ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு மூன்று அறைகள் வைத்துத் தைப்பது உண்டு. வாய் விளிம்பை மடித்துத் தைத்தால் ஒரு குழல் கிடைக்கும். அந்தக் குழலுக்குள் இரண்டு கயிறுகள் எதிரெதிர்த் திசையில் ஓடும். நுனிகளைப் பிடித்து இழுத்தால் வாய் இறுகும். வாயின் இரு ஓரத்தையும் பிடித்து விரித்தால் திறக்கும். கொக்கியும் இல்லை, ஜிப்பும் இல்லை. பழுதாக அதில் ஒன்றுமே கிடையாது.

தறி ஓடும் வீட்டில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. பாவு பிணைத்து மிஞ்சிய பட்டு நூலை நாலு புரி சேர்த்து முறுக்கினால் போதும். பை கிழிந்தாலும் கயிறு அறாது. அந்தக் கயிற்றைப் பாவாடை நாடாவில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிவிட்டால், பை சேலை மடிப்புக்குள் போய்விடும். வெளியே தெரிவது கயிற்றின் நுனி மட்டும்.

முதல் அறையில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, காம்பு கிள்ளிய புகையிலை. இரண்டாவது அறையில் சில்லறை. கடைசி அறையில் எட்டாக மடித்த நோட்டு, அடகுச் சீட்டு, பெட்டிச் சாவி, கோயிலில் வாங்கிய குங்குமப் பொட்டலம். பேரப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு அறைகள்தான் தெரியும். மூன்றாவது அறையில் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டு ஆண்களுக்கே தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி ஓர் அறை.

அதற்குக் காரணம் நெசவுத் தொழிலின் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு கோர்வைச் சேலை ஒருவர் கையால் முடிவதில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வருவதால் மூன்று நாடாக்கள் (ஊடு நூலை ஓட்டும் கட்டைகள்) ஓட வேண்டும். கரைப் பக்கம் நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்கும். தார் சுற்றுவது, நூலைப் பிரிப்பது, பாவு போடும்போது கூட நிற்பது எல்லாம் பெண்களின் வேலை. ஆனால் கூலி சேலைக்குத்தான், அதுவும் ஒரே தொகையாக, பெரும்பாலும் தறிக்காரர் பெயரில். அவள் கைக்கு அதில் தனிப் பங்கு என்று எதுவும் வராது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது, இட்லி சுட்டு விற்றது, பூக் கட்டிக் கொடுத்தது, பால் ஊற்றியது என்று அவள் தானாகச் சேர்த்த காசுதான் அந்த மூன்றாவது அறையில் இருந்தது. யாரையும் கேட்காமல் அவள் எடுக்கக்கூடிய பணம் வீட்டிலேயே அது ஒன்றுதான்.

ஆண்களின் இடுப்பு

குழித்தறியில் உட்காரும் ஆளுக்கு இடுப்பில் எதுவும் துருத்தக் கூடாது. நெய்த சேலையைச் சுருட்டும் மரம் வயிற்றோடு ஒட்டி நிற்கும். குனிந்து குனிந்து நிமிர வேண்டும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்குவார். பிரியதர்ஷன் இயக்கத்தில் பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'காஞ்சிவரம்' படத்தின் நெசவாளி, மகளுக்கு ஒரு பட்டுச் சேலை நெய்ய ஆசைப்பட்டுப் பட்டு நூலை வாய்க்குள் ஒளித்து எடுத்து வருவார். உடம்பில் வேறு எந்த இடத்தில் வைத்தாலும் தெரிந்துவிடும் என்பதை அந்தக் காட்சி சொல்லாமல் சொல்லிவிடும்.

இடுப்பில் கனம் வைத்துத் திரிந்தவர்கள் வாங்கி விற்ற ஆட்கள். மாட்டுத் தரகர், காய்கறி மண்டிக்காரர், கறிக்கடைக்காரர், லாரி டிரைவர் ஆகியோரின் அடையாளம் பச்சை பெல்ட். நாலு விரல் அகலத்துக்குக் குறையாத கெட்டித் துணிப் பட்டை, அதில் மூடி வைத்த இரண்டு மூன்று பாக்கெட், டிச் பட்டன். லுங்கிக்கும் வேட்டிக்கும் மேலே இறுக்கிக் கட்டினால் உடுப்பும் நழுவாது, பணமும் போகாது. பெல்ட் கட்டப் பிடிக்காதவர்களுக்குப் பட்டாபட்டி டவுசர் இருந்தது. நோட்டுக் கட்டு வேட்டிக்கு உள்ளே போய்விடும். டவுசர் பாக்கெட்டைத் துழாவ வேட்டியைத் தூக்குவது அந்தக் காலக் கடைத்தெருவில் யாருக்கும் கூச்சமான காரியமில்லை.

சினிமா இந்த பெல்ட்டை எடுத்துக்கொண்ட விதம்தான் அதன் பெயரைக் கெடுத்தது. கைவைத்த பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, பச்சை பெல்ட் என்று மூன்றையும் ஒருவருக்கு மாட்டிவிட்டால் அவர் வாய் திறக்கும் முன்பே பேட்டை ரவுடி அல்லது கந்துவட்டிக்காரர் என்று கொட்டகைக்குப் புரிந்துவிடும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஹஜ் பயணம் போகிறவர்கள் கட்டும் அகலமான பெல்ட்டும் இதே குடும்பம்தான். அங்கும் பச்சை நிறம் பிரசித்தம். அங்கே அதைக் கட்டியவருக்கு மரியாதை. இங்கே அதைக் கட்டியவரைப் பார்த்து ஒதுங்கிப் போகிறோம். பொருள் ஒன்றுதான். கட்டியிருப்பவரைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறதோ அதுவே பெல்ட்டின் மேல் ஒட்டிக்கொள்கிறது.

வெள்ளைக்காரர் இடுப்பில் வந்தது

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த மனிதர் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தியவர். அவர் இடுப்புப் பட்டையில் ஒரு தோல் பை இருந்தது. உள்ளே கல் கருவிகளும் தீ மூட்டும் காளானும். ஆக, இடுப்புப் பையை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவ்வப்போது அதற்குப் புதுப் பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள்.

1980களில் நைலான் துணியும் ஜிப்பும் வைத்து அது அமெரிக்காவில் மறுபடி வந்தது. 1988இல் அங்குள்ள ஒரு விளம்பரத் துறை இதழ் அந்த ஆண்டின் சூடான பண்டம் என்று அதைச் சொன்னது. அமெரிக்கர்கள் 'ஃபேனி பேக்' என்றார்கள். அந்தச் சொல் பிரிட்டனில் கெட்ட வார்த்தை என்பதால் அங்கே 'பம் பேக்'. இரண்டுமே பின்புறத்தைக் குறிக்கும் பெயர்கள். பை என்னவோ வயிற்றின் மேல்தான் கிடக்கும். ஜெர்மானியர்கள் வயிற்றுப் பை என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'வாழைப்பழம்'.

பத்தே வருடத்தில் மவுசு போய்விட்டது. தொப்பை போட்ட அப்பாக்களும் கேமராவோடு அலையும் சுற்றுலாக்காரர்களும் மாட்டும் சாமான் என்று கேலிப் பொருளானது. நடிகர் டுவெய்ன் ஜான்சன் 1990களில் கறுப்புச் சட்டை, கழுத்துச் சங்கிலி, இடுப்புப் பையோடு எடுத்த படத்தை 2014இல் தானே வெளியிட, உலகமே சிரித்தது. அடுத்த மூன்றாவது வருடம், 2017இல், லூயி வுய்த்தோன் நிறுவனம் சுப்ரீம் என்ற உடை நிறுவனத்துடன் சேர்ந்து வெளியிட்ட சரக்கில் அதே இடுப்புப் பை வந்தது. வாங்க வரிசையில் நின்றார்கள். இப்போது பெரிய நிறுவனங்கள் 'பெல்ட் பேக்' என்கின்றன. பின்புறத்தைச் சொல்லும் பழைய பெயரை வைத்துக்கொண்டு உயர்ந்த விலை சொல்ல முடியாதல்லவா?

காஞ்சிபுரம் இந்தப் பையை முதலில் பார்த்தது ஏகாம்பரநாதர் கோயில் வாசலிலும் கைலாசநாதர் கோயில் புல்வெளியிலும், வெள்ளைக்காரர்களின் இடுப்பில். பாஸ்போர்ட் வைக்கிற பை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஏழு மோட்சபுரிகளில் தெற்கே இருப்பது காஞ்சி ஒன்றுதான் என்பதால் வடநாட்டு யாத்திரிகர்களும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்கள் இடுப்பிலும் துணிப் பைகள் இருக்கும். முதல் கூட்டத்தின் பை 'ஃபாரின்'. இரண்டாவது கூட்டத்தின் பை யார் கண்ணிலும் படவில்லை. உள்ளூர் ஆயாவின் சுருக்குப் பையையும் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர்கள் குறைவு.

இரண்டு அத்தி வரதர்களுக்கு நடுவே

இந்த ஊருக்கு அன்றையும் இன்றையும் அளக்கச் சொந்தமாக ஓர் அளவுகோல் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அத்தி வரதர் எழுந்தருள்கிறார். 1979இல் வந்தார், 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் குளத்துக்கு வெளியே இருந்தார். அடுத்தது 2059.

1979இல் வரிசையில் நின்றவர்கள் காப்பாற்ற வேண்டியிருந்தது பஸ் செலவுக்கான பணத்தையும் திரும்பும் வழிக்கான சில்லறையையும்தான். மடியும் சுருக்குப் பையும் அதற்குப் போதுமாக இருந்தன. 2019இல் லட்சக்கணக்கான கூட்டத்தில் நெரிபட்டவர்கள் காப்பாற்ற வேண்டியிருந்தது செல்போனை. பணம், டிக்கெட், அடையாள அட்டை, உறவுக்காரர் நம்பர் எல்லாம் அதற்குள்ளேதான். பேன்ட் பாக்கெட்டில் வைத்தால் கூட்டத்தில் போய்விடும். அதனால் இடுப்பில் கட்டும் பைக்கு மறுபடி வேலை வந்தது. கோயில்களைச் சுற்றியுள்ள கடைகளில் 'ஹிப் பேக்', 'பௌச்' என்று அது தொங்கத் தொடங்கி நாளாகிவிட்டது.

ஆனால் கல்லூரிப் பையன்கள் அதை இடுப்பில் கட்டுவதில்லை. பட்டையை நீட்டித் தோளில் குறுக்காகப் போட்டு நெஞ்சின் மேல் ஏற்றிக்கொள்கிறார்கள். பெயரும் 'க்ராஸ்பாடி' ஆகிவிட்டது. இடுப்பில் கட்டினால் மண்டிக்காரர் மாதிரி இருக்கிறதாம். அப்பா காலத்துப் பச்சை பெல்ட்டின் கெட்ட பெயர், பெல்ட்டே இல்லாத தலைமுறைக்கும் சொத்தாக வந்திருக்கிறது.

பெண்கள் பக்கம் நடந்தது இதற்கு நேர் எதிர். இடுப்பு காலியாகி, அலங்காரத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ஒட்டியாணம் செய்யும் விலையிலா தங்கம் இருக்கிறது? அதனால் ரவிக்கைக்கு ஏற்ற நிறத்தில் ஆரி ஒர்க் செய்த துணி 'ஹிப் பெல்ட்' மணப்பெண்ணின் இடுப்புக்கு வந்துவிட்டது. அதில் ஒரு ரூபாய் நாணயம் வைக்கக்கூட இடமில்லை. பை கைக்கு இறங்கிப் பொட்லியானது. பொட்லிக்குள் ஒரு செல்போனைத் திணித்தால் வாய் மூடாது. புகைப்படத்துக்கு அது போதும்.

பொட்லியின் துணியையும் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலை எடுப்பவர் சில்க் மார்க் இருக்கிறதா என்று பார்க்கிறார், சரிகையை உரசிப் பார்க்கிறார், தறிக் கோர்வையைத் திருப்பிப் பார்க்கிறார். பொட்லி வாங்குபவர் எதையும் கேட்பதில்லை. பட்டுப் போல மின்னும் செயற்கை இழைத் துணியில் தைத்தவையும் காஞ்சிப் பட்டு என்ற பேச்சிலேயே விற்றுப்போகின்றன. உண்மையான பட்டில் தைப்பவர்களும் இருக்கிறார்கள். முன்பு பழைய பட்டுச் சேலைக்கு ஒரே முடிவுதான்: எடைக்கு எடுத்துச் சரிகையை உருக்கி வெள்ளியைப் பிரிப்பார்கள். இப்போது சில பெண்கள் பாட்டியின் கிழிந்த கூறைப் புடவையில் நல்ல பாகத்தை மட்டும் வெட்டிப் பொட்லியாகத் தைத்துக்கொள்கிறார்கள். காசு முடிய யாரும் துணியாத சரிகை முந்தி, கடைசியில் தானே பையாகிவிட்டது.

பணம் எங்கே போனது?

பை கீழே இறங்கியது ஃபேஷனால் மட்டும் என்று சொல்ல முடியாது. உள்ளே வைக்க ஒன்றும் இல்லாமல் போனதும் ஒரு காரணம். 2011 ஜூன் 30 முதல் நாலணா செல்லாது என்றானது. சில்லறை அறை பாதி காலி. வெற்றிலை போடும் தலைமுறை குறைந்ததும் முதல் அறை காலி. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது மூன்றாவது அறையும் திறந்தது. மகனுக்கும் கணவனுக்கும் தெரியாமல் வைத்திருந்ததை அவர்களிடமே கொடுத்து வங்கிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த அறிவிப்பே தெரியாமல் இருந்தவர்களும் உண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019இல், திருப்பூர் மாவட்டத்தில் இரண்டு முதிய சகோதரிகள் கடைசிக் காலச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்த 46,000 ரூபாய் செல்லாத நோட்டுகளாக வெளியே வந்தது செய்தியானது.

காமாட்சியம்மன் கோயில் பக்கம் பூக்கூடையில் இப்போது க்யூஆர் அட்டை தொங்குகிறது. இரண்டு முழம் கதம்பம் வாங்கி ஸ்கேன் செய்தால் திரையில் வருவது ஓர் ஆணின் பெயர்.

"இது யார் பேரும்மா?"

"எம் புள்ள நம்பருப்பா. எங்கிட்ட பட்டன் போன்தான கீது. சாயந்தரம் கேட்டா குடுப்பான்."

அடுத்த கடையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பணம் வந்ததும் எவ்வளவு என்று தெருவுக்கே கேட்கும்படி தமிழில் சொல்கிறது. சுருக்குப் பை இருந்த காலத்தில் அன்றைய வியாபாரம் எவ்வளவு என்பது அந்த அம்மாவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. இன்று பக்கத்துக் கடைக்குத் தெரிகிறது, மகனுக்குத் தெரிகிறது, பெட்டி கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிகிறது. அவள் மட்டும் மாலையில் கேட்டு வாங்க வேண்டும். கள்ள நோட்டு, கிழிந்த நோட்டு, சில்லறைத் தகராறு எல்லாம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கேட்காமல் எடுக்கும் வசதியும் அதோடு போய்விட்டது.

மறுபக்கமும் உண்டு. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், அவரவர் வங்கிக் கணக்கில். தறியில் கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியும் தன் பெயரில் கூலி பார்க்காத பெண்ணுக்கு, தன் பெயரிலேயே மாதா மாதம் வரும் பணம் இது. இதைச் சின்னதாக நினைக்க முடியாது. திட்டத்தோடு கையில் கிடைத்தது ஓர் ஏடிஎம் அட்டை. பல ஆயாக்கள் அதையும் சுருக்குப் பையின் மூன்றாவது அறையில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள்; இடம் சரியான இடம்தான்.

பையை ஃபேஷன் எந்தப் பெயர் சொல்லி விற்றாலும் விற்கட்டும். பொட்லி அழகாக இருக்கிறது. தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு அதில் வருமானமும் இருக்கிறது. இடுப்பில் இருந்த பைக்கு இருந்த பெருமை வேறு: சொந்தக்காரி யாரையும் கேட்காமல் அதைத் திறக்கலாம். புதிதாக வந்த அட்டைக்கும் ஸ்கேனுக்கும் அந்தக் கேள்வியைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் முன்னால் நின்று பின் நம்பரைத் தானே அழுத்தத் தெரிந்த கிழவிக்குத்தான் அந்த அட்டை சுருக்குப் பை. நம்பர் தெரியாதவளுக்கு அது பேரனுடைய பர்ஸ். அவள் சும்மா சுமந்துகொண்டிருக்கிறாள்.